நாப்பத்தோரு வீடும் ஒரு பேட்டரி வண்டியும்

எங்கக்கா காசியம்மாளுக்கு எட்டு போட வராது. இதை யார்கிட்ட வேணா சொல்லலாம், அதுக்குக் கோவம் வராது. லைசென்சு எடுக்கணும்னு இரவல் ஸ்கூட்டியில ரெண்டு தரம் போச்சு. மொதல் தரம் பாதி எட்டுல காலை ஊனிடுச்சு. ரெண்டாவது தரம் பரீட்சை வெக்கிற அதிகாரி நின்ன எடத்துக்கே வண்டிய நேரா உட்டுச்சு. அந்த மனுசன் எகிறிக் குதிச்சு, சுவத்தோரமா நின்னுக்கிட்டே "போயிட்டு வாம்மா"ன்னாராம்.

அப்புறம் 2007 கடைசியில திருவண்ணாமலையில பேட்டரி வண்டி வந்துச்சு. லைசென்சு வேணாம், பெட்ரோல் வேணாம், செல்போன் மாதிரி சார்ஜ் போட்டா போதும்னாங்க. எங்கக்கா யாரையும் கேக்கல. மறு வாரமே பச்சை கலர்ல ஒண்ணு வாங்கி வாசல்ல நிறுத்திடுச்சு. மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டருக்கு மேல போவாது. சத்தம்னு ஒண்ணு கெடையவே கெடையாது. பின்னால வந்து நின்னாக்கூட நமக்குத் தெரியாது. "இது வண்டியா, இஸ்திரிப் பொட்டியா?"ன்னு நான் கேட்டேன். அதுக்கு அது, "நீ பஸ்ஸுல தொங்கறவன், உனக்கு இன்னாடா தெரியும்?"னுச்சு.

நான் சின்னசாமி, பஸ் கண்டக்டரு. எனக்கு வாய் ஜாஸ்தி. வாயில்லாதவன் அந்த வேலைக்கு லாயக்கில்ல. எங்கக்காவுக்கு வாய் கம்மி, ஆனா முடிவு பண்ணிட்டா முடிவுதான். இந்தக் கதையில பேசினவன் நானு, செஞ்சது எங்கக்கா. அதை முன்னாடியே சொல்லிடறேன்.

எங்கக்கா புருசன், எங்க மாமா தருமன், கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருந்தாரு. அடி அண்ணாமலையில வீடு. 1999-ல மஞ்சக்காமாலை வந்து பத்தே நாள்ல போயிட்டாரு. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. பெரியவ கீதாஞ்சலி அப்ப ஆறாவது, சின்னவ சிந்துஜா ரெண்டாவது. காரியம் முடிஞ்ச அன்னைக்கு மாமாவோட அண்ணன் அப்பாசாமி ஒரு காயிதத்த நீட்டினாரு. வாரிசு வேலைய அவரு புள்ளைக்கு உட்டுக் குடுத்துக் கையெழுத்துப் போடணுமாம். பொம்பளைக்கு எதுக்கு வேலை, குடும்பத்த நாங்க பாத்துக்கறோம்னாரு. எங்கக்கா காயிதத்தப் படிச்சுச்சு, மடிச்சுச்சு, அவர் கையிலயே திருப்பிக் குடுத்துச்சு. எட்டாவது படிச்ச படிப்புக்கு ஆபீஸ் உதவியாளர் வேலை கெடச்சுது. அன்னைலருந்து ஒம்பது வருஷம் அப்பாசாமி அந்த வாசப்படி மிதிக்கல.

ஆபீஸ்ல எங்கக்காவுக்கு பைல் தூக்கற வேலைன்னுதான் பேரு. போன் எடுக்கறதும் அதுதான். எந்த ஊர்ல எத்தினி மணிக்குக் கரண்ட் போவும், எத்தினி மணிக்கு வரும், எந்த லைன் எந்த ஏரிக்கரை மேல போவுதுன்னு அதுக்கு மனப்பாடம். எஞ்சினியருங்களே சந்தேகம்னா அதைத்தான் கேப்பாங்க.

2008-ல கீதாஞ்சலிக்குக் கல்யாணம் முடிவாச்சு. மாப்ள புகழேந்தி, போளூரு, நல்ல பையன். சித்திரையில முகூர்த்தம். இங்கதான் சிக்கல் ஆரம்பிச்சுது.

எங்க ஜனத்துல பங்காளி வீட்டுக்குப் பத்திரிகைய தபால்ல அனுப்ப முடியாது. தட்டுல வெத்தலை பாக்கு, மஞ்ச குங்குமம் வெச்சு, நேரா போயி, கையில குடுக்கணும். குடுக்கறவன் அந்த வீட்டு ஆம்பளையா இருக்கணும், இல்ல புருசன் பொண்டாட்டியா சோடியாப் போவணும். புருசன் போனவ தட்டைத் தொட்டா ஆவாதும்பாங்க. முகூர்த்தத்துல பொண்ணு கையைப் புடிச்சு மாப்ள கையில குடுத்து, தண்ணி ஊத்தி தாரை வார்க்கறதும் பெத்தவங்க சோடியாச் செய்யறது. அப்பன் இல்லாத பொண்ணுக்குப் பெரியப்பனும் பெரியம்மாவும் செய்யணும். அதாவது அப்பாசாமி செய்யணும்.

மாசி மாசமே நான் அவரைப் பாக்கப் போனேன். தானிப்பாடிக்கு அந்தாண்ட மோட்டூர்ல வீடு. மோர் குடுத்தாரு, மரியாதைக்குக் கொறச்சல் இல்ல. அப்புறம் சொன்னாரு: "நீ தாய்மாமன். சீர் செய், மாலை போடு. பொண்ணு குடுக்கற வீட்டு ஆம்பள வந்து பத்திரிகை வெக்கட்டும், நான் வர்றதா வேணாமான்னு அப்ப பாக்கறேன்." அந்த வீட்டுல ஆம்பள ஏது? அது தெரிஞ்சுதான் சொன்னாரு. அதோட நிக்காம, ஆம்பள வராத வீட்டுப் பத்திரிகைய எவனும் வாங்கக்கூடாதுன்னு மத்த பங்காளிங்களுக்கும் சொல்லி அனுப்பிட்டாரு. மொத்தம் நாப்பத்தோரு வீடு. அவங்க வரலைன்னா மணவறையில பொண்ணு பக்கம் நிக்க நாதி இல்ல. போளூர்க்காரங்க பார்த்துக்கிட்டு இருப்பாங்க, எங்க பொண்ணு தலை குனிஞ்சு உக்காந்திருக்கும்.

பத்திரிகை அச்சாகி வந்தது பங்குனி உத்திரத்துக்கு மொத நாள். உத்திரம் வெள்ளிக்கிழமை, அன்னைக்கே புனித வெள்ளி, கூடவே சனி ஞாயிறு, மூணு நாள் லீவு. அதை உட்டா எங்கக்காவுக்கு லீவே கெடையாது, மார்ச் மாசக் கணக்கு முடிக்கற நேரம். சரி, நான் கூட்டிக்கிட்டுப் போவணுமில்ல? பவுர்ணமியும் அதே வெள்ளிக்கிழமைதான். பவுர்ணமின்னா எங்களுக்கு லீவுங்கற பேச்சே எடுக்கக்கூடாது. கிரிவலத்துக்கு வர்ற ஜனம் மொத்தத்தையும் ஏத்தி எறக்கணும்.

"கொரியர்ல போட்டுடுக்கா, வர்றவன் வரட்டும்"னு சொன்னேன். எங்கக்கா பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல ஊர் பேரா எழுதிக்கிட்டு இருந்துச்சு. கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், மணலூர்பேட்டை, வாணாபுரம், தண்டராம்பட்டு, தானிப்பாடி, மோட்டூர். ஒவ்வொரு ஊருக்கு நேராவும் கரண்ட் இருக்கற நேரம். அந்த நேரத்துக்கு அந்த ஊர்ல போயி நின்னா பத்திரிகையும் வெக்கலாம், வண்டிக்கும் சார்ஜ் ஏத்தலாம். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலும் வந்துச்சு. முழுசா சார்ஜ் ஏத்தினாலும் நாப்பது கிலோமீட்டர் தாங்காத வண்டி. சுத்திப் பார்த்தா நூத்தி அம்பது வரும். அதுவும் தனியா. பைத்தியமான்னு கத்தினேன்.

"அப்பாசாமி மாமா கால்ல உழுந்தாவது தாரை வார்க்கக் கூட்டிக்கிட்டு வந்துடறேன். நீ சீர் தட்டுக்கு ஏற்பாடு பண்ணு"னுச்சு.

வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள கெளம்பிடுச்சு. இல்லாட்டி போலீஸ்காரங்க கிரிவலப் பாதையில தடுப்பு போட்டுடுவாங்க, அடி அண்ணாமலையிலருந்து ஒரு வண்டி வெளிய வர முடியாது. முன்னால கூடையில வெத்தலையும் பாக்கும், சீட்டுக்கு அடியில சார்ஜர் பொட்டி, முதுகுல சிந்துஜாவோட பள்ளிக்கூடப் பையில நாப்பத்தோரு பத்திரிகை. பின்னால எவர்சில்வர் தட்டைத் துணியில சுத்திக் கட்டியிருந்துச்சு. நான் டிபோவுக்குப் போற வழியில பார்த்தேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். தம்பின்னு இருந்து இன்னா பிரயோசனம்னு எனக்கே என்மேல எரிச்சல்.

அவலூர்பேட்டை ரோடு, கீழ்பென்னாத்தூர் ரோடு எல்லாம் எனக்குக் கண்ண மூடினாத் தெரியும். ஆனா எங்கக்கா வந்து சொன்ன ரோடு எனக்குத் தெரியாத ரோடு. வேப்ப மரம் பூத்து, கீழ போறப்ப தலையில கொட்டுதாம். புங்க மரம் மொத்தமும் புதுத் தளிராம், வெயில் பட்டா பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்குதாம். நவரை நெல்ல ரோட்டுல காயப் போட்டிருந்தாங்களாம். சத்தமில்லாத வண்டிங்கறதால நெல் பொறுக்கற குருவிங்க கிட்டப் போற வரைக்கும் எழுந்திரிக்கலியாம். "நாப்பத்தாறு வயசுல நான் இவ்ளோ தூரம் யார் கூடவும் இல்லாமப் போறது அதான்டா மொத தடவ. கத்திப் பாடணும் போல இருந்துச்சு"னு சொல்லுச்சு. பாடினியான்னு கேட்டேன். பாடுச்சாம். பாடினா இன்னா, கேக்கறதுக்கு ரோட்டுல யாரு இருந்தாங்க?

மொதல் வீடு கீழ்பென்னாத்தூர்ல சந்திரம்மாள் வீடு. மாமாவுக்கு சித்தி முறை, வயசானவங்க, எங்கக்காவுக்கு அத்தை. எங்கக்கா தட்டை எடுத்துக்கிட்டு நின்னதும் அந்தம்மா கையைப் பின்னால கட்டிக்கிச்சு. வெறுப்பு ஒண்ணும் இல்ல, பயம். நல்ல காரியத்துல ஏதாவது ஆயிடப் போவுதுன்னு பயம். மருமகளுங்க ரெண்டு பேரும் கதவோரமா நின்னு பார்க்கறாங்க. மொதல் வீட்டுலயே இப்பிடின்னா மிச்சம் நாப்பது வீட்டுக்கு எப்பிடிப் போறது?

அப்பத்தான் எங்கக்காவுக்கு ஒரு புத்தி வந்துச்சு. தட்டைக் கொண்டு போயி வண்டி சீட்டு மேல வெச்சுது. "நான் குடுக்கல அத்தே, வண்டி குடுக்குது. எங்க வீட்டு ஆம்பள இதுதான். ஓட்டு மட்டும்தான் போடாது"ன்னுச்சு.

மருமகளுங்க சிரிச்சுட்டாங்க. சந்திரம்மாளும் சிரிச்சுக்கிட்டே வந்து சீட்டு மேல இருந்த தட்டை எடுத்துக்கிச்சு. அதோட முடிஞ்சுதான்னா இல்ல. சார்ஜ் போடணுமே! பிளக் பாயிண்டு எங்கன்னு கேட்டு, ஜன்னல் வழியா ஒயரை உட்டு மாட்டிட்டு, எங்கக்கா உக்காந்துடுச்சு. மூணு மணி நேரம். அந்த வீட்டுல வெதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. இதுவும் ஒரு முறத்த இழுத்துப் போட்டுக்கிட்டு உரிக்க ஆரம்பிச்சுது.

நான் எத்தினியோ கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சிருக்கேன். நின்ன காலோட குடுத்துட்டு, காப்பி தண்ணி வேணாங்கன்னு சொல்லிட்டு ஓடி வந்துடுவோம். அப்பிடிக் குடுக்கறவன்கிட்ட யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. மூணு மணி நேரம் கூட உக்காந்து மல்லாட்டை உரிச்சா கேக்காம இருக்க முடியாது. அந்தம்மா கேட்டுச்சு: ஏண்டி காசி, அப்பாசாமி புள்ளைக்கு வர வேண்டிய வேலைய நீ ஏமாத்தி வாங்கிட்டியாமே? ஒம்பது வருஷமா அவரு ஊருக்கெல்லாம் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்காரு. எங்கக்கா காயிதத்த நீட்டின கதைய மொத்தமா சொல்லுச்சு. ஆறு வயசுப் புள்ளையையும் பதினொரு வயசுப் புள்ளையையும் வெச்சுக்கிட்டு நான் வேற இன்னா அத்தே செய்யறதுன்னு கேட்டுச்சு. சந்திரம்மாள் முறத்தக் கீழ வெச்சுட்டு, அடிப்பாவி, இது எங்களுக்குத் தெரியாதேன்னு சொல்லுச்சாம். எங்கக்கா கெளம்பறதுக்குள்ள அந்தத் தெரு முழுக்க சேதி போயிடுச்சு. அங்க ஆறு வீடு, ஆறும் முடிஞ்சுது.

அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள பதினேழு வீடு. எல்லா வீட்டுலயும் வண்டிதான் பத்திரிகை குடுத்துச்சு. ஜனம் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிச்சு. ஒரு வீட்டுல வண்டிக்குப் பொட்டே வெச்சு உட்டாங்களாம்.

பதினெட்டாவது வீடு வேட்டவலத்துல வேடியப்பன் வீடு. பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு, பங்காளிங்கள்ல அப்பாசாமிக்கு அடுத்தபடியா பேச்சு எடுபடற ஆளு. எங்கக்கா வழக்கம்போல தட்டைச் சீட்டு மேல வெச்சுட்டு வண்டி வசனத்த ஆரம்பிச்சுது. அவரு சிரிக்கல. பொண்டாட்டியப் பக்கத்துல கூப்பிட்டு நிறுத்திக்கிட்டாரு.

"வண்டிகிட்ட நான் வாங்க மாட்டேன். புள்ளையப் பெத்தது நீ, வளத்தது நீ. நீ குடு"ன்னாரு.

எங்கக்கா தட்டை எடுத்து நீட்டுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்து ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. அந்தம்மா குங்குமத்த எடுத்துத் தன் நெத்தியில வெச்சுக்கிச்சு. ராத்திரி அங்கதான் சாப்பாடு, அங்கதான் படுக்கை. வண்டியும் முழுசா சார்ஜ் குடிச்சுது. மறுநா காலையில கெளம்பறப்ப எங்கக்கா சீட்டு மேல தட்டு வெக்கறத நிறுத்திடுச்சு. பத்தொம்பதாவது வீட்டுலருந்து தன் கையாலதான் குடுத்துச்சு. எவளும் பின்னால கையைக் கட்டல. வேடியப்பன் வீட்டுலயே வாங்கிட்டாங்கன்னா அப்புறம் யாரு பேசறது?

சனிக்கிழமை எனக்குக் கள்ளக்குறிச்சி டிரிப்பு. கிரிவலம் முடிச்சுட்டுத் திரும்பற ஜனம், படிக்கட்டு வரைக்கும் கூட்டம். மணலூர்பேட்டைக்கு மூணு கிலோமீட்டர் இருக்கறப்ப முன்னால ஒரு பச்சை வண்டி, ரோட்டோரமா ஒரு ஓட்டம், மாட்டு வண்டிய விட நாலு மடங்கு, பஸ்ஸை விட பாதி. பார்த்ததும் விசிலை ஊதி பஸ்ஸை நிறுத்திட்டேன். டிரைவரு திட்டறான், ஜனம் கத்துது. நான் எறங்கி ஓடினேன்.

மூஞ்செல்லாம் புழுதி, மூக்கு நுனி கறுத்துக் கெடக்குது. ஆனா அப்பிடி ஒரு களையை நான் எங்கக்கா மூஞ்சியில கல்யாணத்தன்னைக்குக்கூடப் பாக்கல. இருபத்தாறு வீடு முடிஞ்சுதுன்னுச்சு. போதும்க்கா, வண்டிய பஸ் மேல ஏத்திடறேன், நீ உள்ள உக்காரு, அப்பாசாமி உன்னைக் கண்டபடி பேசிடுவாருன்னு கெஞ்சினேன். அது என்னை ஏற எறங்கப் பார்த்துச்சு.

"விசிலை ஊதிட்டுப் போடா. ஜனம் காத்துக்கிட்டு இருக்குது"ன்னுச்சு.

பஸ் ஜன்னல்லருந்து ஒரு அம்மா, யாருப்பா அதுன்னு கேட்டுது. எங்கக்கான்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையச் சொல்றப்ப எனக்கு அப்பிடி ஒரு கர்வம். கள்ளக்குறிச்சி போற வரைக்கும் நான் யாரையும் திட்டல, டிரைவருக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை ராத்திரிக்குள்ள வாணாபுரத்தோட முப்பத்தி நாலு வீடு முடிஞ்சுது. ஞாயித்துக்கிழமை தண்டராம்பட்டுல நாலு வீடு, தானிப்பாடியில ரெண்டு. ஆக நாப்பது. தண்டராம்பட்டுல மூணு மணி நேரம் சார்ஜ் போடணும்னு கணக்கு. போட்டது ஒரு மணி நேரம். ஏன்னா மோட்டூருக்கு மத்தியானத்துக்குள்ள போயிடணும்னு எங்கக்காவுக்கு அவசரம் வந்துடுச்சு, பயத்த சீக்கிரம் பார்த்துடணும்னு. நாளெல்லாம் கரண்டோட பொழங்கற பொம்பள இந்தத் தப்பைச் செய்யுது பாருங்க! தானிப்பாடி தாண்டினதும் மேடு. வண்டி முக்கிச்சு, முனகுச்சு, நின்னுடுச்சு. பதினொரு மணி வெயில். நாலு பேட்டரியோட வண்டி நூறு கிலோ. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டே போச்சு. புளிய மரத்துக்குப் புளிய மரம் நின்னு நின்னு போச்சு.

அந்த ரெண்டு கிலோமீட்டர்ல இன்னாக்கா நெனச்சேன்னு பிற்பாடு கேட்டேன். காலெல்லாம் வலி, வேற ஒண்ணும் நெனக்கலன்னுதான் மொதல்ல சொல்லுச்சு. அப்புறம் சொல்லுச்சு, கால்ல உழறதுக்கு இவ்ளோ தூரம் எதுக்குடா தள்ளிக்கிட்டு வரணும்னு தோணுச்சுன்னு.

ஊருக்குள்ள நுழையறப்பவே யாரோ அப்பாசாமிக்குச் சொல்லிட்டாங்க, உன் தம்பி பொண்டாட்டி பைக்ல வந்திருக்குதுன்னு. மனுசன் பின்பக்கமா எறங்கி, கெணத்து மோட்டார் ரூமுக்குப் போயி உக்காந்துட்டாரு. பைக் கெளம்பற சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வரலாம்னு அவரு கணக்கு.

வீட்டுல வள்ளி அக்கா இருந்துச்சு. அப்பாசாமி பொண்டாட்டி, எங்கக்காவுக்கு ஓரகத்தி. எங்கக்காவ அந்தக் கோலத்துல பார்த்ததும் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. எங்கக்கா கேட்டது பிளக் பாயிண்டு. மாட்டினா கரண்ட் இல்ல. காலண்டர் தாள்ல அந்த ஊருக்கு அந்த நேரம் கரண்ட் இருக்கணும். எங்கக்கா செல்லை எடுத்து, அந்தப் பக்கத்து லைன்மேனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிச்சுது. லைன் மேல தென்னமட்டை உழுந்திருக்குது, நாலு மணி ஆவும்னான். சரி, இனி வண்டியும் நகராது, எங்கக்காவும் நகராது.

ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒம்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரே அடுப்படியில உக்காந்து களியும் கருவாட்டுக் கொழம்பும் சாப்பிட்டாங்க. வள்ளி அக்கா, அந்தக் காயிதம் எழுதினப்பவே வேணாம்னு சொன்னேன்டி, யாரு என் பேச்சைக் கேட்டான்னு சொல்லி அழுதுச்சு. எங்கக்கா அழல. களி இன்னும் ஒரு உருண்டை கேட்டுச்சாம்.

மோட்டார் ரூம்ல அப்பாசாமி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. பன்னெண்டாச்சு, ரெண்டாச்சு, மூணாச்சு. பைக் சத்தம் கேக்கல. பேட்டரி வண்டிக்குச் சத்தமே கெடையாதுன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? நாலு மணிக்குக் கரண்ட் வந்துச்சு. பக்கத்துல இருந்த மோட்டாரு தானா ஓட ஆரம்பிச்சு, காதைப் பொளக்குது. அந்தச் சத்தத்துல பைக் கெளம்பியிருக்கும்னு நெனச்சுக்கிட்டாரு. பசி வேற. துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நேரா வீட்டுக்கு வந்து, முன் வாசல்ல கால வெச்சாரு. எதுத்தாப்புல எங்கக்கா உக்காந்திருக்குது. பக்கத்துல பச்சை வண்டி சார்ஜ் ஏறிக்கிட்டு நிக்குது.

திரும்பிப் போவவும் முடியல. வண்டிக்கு அந்தாண்டயும் இந்தாண்டயும் பார்த்தாரு. அப்புறம் கேட்டாரு.

"ஆம்பள யாரும் வரலியா?"

"வரல மாமா. நான்தான் வந்தேன்."

"அப்ப தாரை யாரு வார்க்கறது?"

ஒம்பது வருஷமா அந்தக் கேள்விய அவரு வெச்சுக்கிட்டு இருந்தாரு. எங்கக்கா கெஞ்சணும், இவரு யோசிக்கறேன்னு சொல்லணும். எங்கக்கா எழுந்து நின்னுச்சு. தட்டு கையில இருக்குது.

"அதைக் கேக்கத்தான் மாமா வெள்ளிக்கெழம வீட்டை உட்டுக் கெளம்பினேன். உங்க கால்ல உழுந்து கேக்கறதா இருந்தேன். நாப்பது வீடு ஏறி எறங்கிட்டேன். மொதல் பதினேழு வீட்டுல வண்டிகிட்ட வாங்கிக்கிட்டாங்க, மிச்ச வீட்டுல என் கையால வாங்கிக்கிட்டாங்க. பத்திரிகை வெக்க முடிஞ்ச கை தாரை வார்க்காதா? என் பொண்ண நானே குடுத்துக்கறேன். நீங்க பெரியப்பாவா வந்து பக்கத்துல நில்லுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

மனுசன் மாட்டேன்னு சொல்றதுக்குத் தயாரா இருந்தாரு, ஆனா மாட்டேன்னு சொல்றதுக்கு அங்க எதுவுமே இல்ல. கேட்டாத்தானே மறுக்கறது? நாப்பது வீடுமான்னு கேட்டாரு. நாப்பதும்னுச்சு எங்கக்கா. வேடியப்பனுமான்னு கேட்டாரு. அவருதான் மொதல்ல என் கையால வாங்கினாருன்னுச்சு. உள்ளருந்து வள்ளி அக்கா, நான் கல்யாணத்துக்குப் போறேன், வர்றவங்க வரட்டும்னு குரல் குடுத்துச்சு. அந்தம்மா அந்த வீட்டுல சத்தமா பேசினது அதான் மொத தடவையா இருக்கும்.

அப்பாசாமி தொட்டிக்குப் போயி கை கால் கழுவினாரு. தோள்ல இருந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டினாரு. வந்து ரெண்டு கையையும் நீட்டினாரு. நாப்பத்தோராவது பத்திரிகை.

அன்னைக்கு ராத்திரி எங்கக்கா அங்கதான் தங்குச்சு. திங்கக்கிழமை விடியக்காலையில கெளம்பி, தண்டராம்பட்டுல ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு, நாப்பது கிலோமீட்டர் ஓட்டி, பத்து மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுச்சு. லேட்டு இல்ல. எனக்குப் போன் பண்ணிச்சு. "முடிஞ்சுதுடா"ன்னு ஒரே வார்த்தை. நான் பஸ் ஸ்டாண்டு நடுவுல நின்னுக்கிட்டு விசில் ஊதினேன். பஸ்ஸே இல்ல, சும்மாத்தான் ஊதினேன்.

கல்யாணத்துல நாப்பத்தோரு வீட்டு ஜனமும் வந்துட்டாங்க. பந்தி மூணு தரம் போதும்னு நெனச்சது அஞ்சு தரம் போச்சு. போளூர்க்காரங்க, பொண்ணு வீட்டுக்கு இவ்ளோ பங்காளியான்னு வாயப் பொளந்தாங்க. தாரை வார்க்கற நேரம் வந்துச்சு. பொண்ணு குடுக்கறவங்க சோடியா வாங்கன்னு அய்யரு கூப்பிட்டாரு. எல்லார் கண்ணும் அப்பாசாமி மேல. எங்கக்கா தனியா மேடை ஏறுச்சு.

அய்யரு எங்கக்காவப் பார்க்கறாரு, கீழ பார்க்கறாரு, மந்திரத்த ஆரம்பிக்கல. எனக்கு ரத்தம் கொதிச்சுது. எழுந்து ஏதாவது கத்திடப் போறேன்னு என் பொண்டாட்டி என் சட்டையப் புடிச்சு இழுக்கறா. அதுக்குள்ள அப்பாசாமி மேடை ஏறிட்டாரு, பின்னால வள்ளி அக்கா. எங்கக்காவ ஒதுங்கச் சொல்லப் போறாருன்னே நெனச்சேன். அவரு அய்யருக்குப் பக்கத்துல இருந்த தண்ணிச் செம்பை எடுத்துக்கிட்டாரு.

"பொண்ண அவ குடுப்பா. தண்ணி ஊத்த நான் இருக்கேன். நீங்க மந்திரத்தச் சொல்லுங்க"ன்னாரு.

எங்கக்கா கீதாஞ்சலி கையை எடுத்து புகழேந்தி கையில வெச்சு, தன் கையை மேல வெச்சுது. அப்பாசாமி செம்பைச் சாச்சாரு. நான் அழுதேன்னு இன்னைக்கும் ஊர்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. அழுதேன்தான், இன்னா இப்போ? எங்கக்கா பொண்ண எங்கக்காவே குடுத்துச்சு.